டெஸ்லின் தலைவியாக இருந்த கப்பல்

நவம்பர் 2

மேற்குக் காற்று. துணி காயவில்லை. பேரப்பிள்ளைகள் விஷயம் எழுதி ரொம்ப நாளாயிற்று, இன்று எழுதிவிடுகிறேன்.

மூத்தவன் யூவன் விமானத்தளத்தில் ஹெலிகாப்டர் பழுது பார்க்கிறான். அவன் சரி என்றால்தான் அது மேலே கிளம்பும். பெட்ரா இங்கிலாந்தில் நர்ஸ் பரீட்சையில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவது வந்தவள் அந்த ஊர்க்காரி, அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சின்னவன் ஃபிராங்க்கி போன பிப்ரவரியில் எங்கள் தீவுத் தலைநகர் ஸ்டான்லியில் நடந்த கம்பளி கத்தரிப்புப் போட்டியில் தாடி வைத்த ஆட்களோடு நின்று மூன்றாம் பரிசு வாங்கினான்.

டெஸ்லினைக் கடைசியாக வைத்திருக்கிறேன். தெற்கே பனிக்கடலுக்குப் போகிற கப்பலில் அவள் லீடர். சின்னக் கப்பல்தான், நூறு பேர் ஏறுவார்கள். ஓட்டுவது கேப்டன். ஆனால் எந்தக் கரைக்குப் போவது, யார் இறங்குவது, எப்போது திரும்புவது எல்லாம் என் பேத்தி சொல்வதுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோன என்னுடைய பேத்தி. லீடராக இதுதான் முதல் பயணம். நல்லபடி முடிந்தால் சீசன் முழுக்க அந்த வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் பழையபடி ரப்பர் படகு ஓட்ட வேண்டியதுதான்.

ஒரு அறை காலியாம். எனக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறாள். டெஸ்லினின் அப்பன், என் மகன் ராடிக்கு இதில் இஷ்டமில்லை.

"உன் பேத்தி வேலைக்குப் போறாம்மா. நீ நடுவுல என்னத்துக்கு?"

"பாக்கத்தான்."

"என்னத்தப் பாக்க? பனியையா? பென்குயினையா? நம்ம கொல்லைல இல்லாத பென்குயினா?"

"அவ ஒரு வார்த்த சொன்னா நூறு பேரு எந்திரிச்சு நிக்கிறத."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போனான்.

நவம்பர் 5

கப்பல் நம் விரிகுடாவில் வந்து நின்றது. பயணிகள் இறங்கி பென்குயின் பார்த்தார்கள். பிறகு நம் வீட்டுக்கு வந்து டீ குடித்து, நானும் மருமகள் மொய்ராவும் இரண்டு நாளாகச் சுட்ட கேக்கையெல்லாம் தீர்த்தார்கள். கடைசிப் படகில் நானும் ஏறினேன்.

ஏறினதும் டெஸ்லின் என் கோட்டைக் கழற்றச் சொல்லி, தூசி உறிஞ்சுகிற குழாயைப் பாக்கெட்டுக்குள் விட்டாள்.

"பாட்டி, உன் பாக்கெட்ல ஒரு மேய்ச்சல் நிலமே இருக்கு."

"ஆட்டுக்காரி பாக்கெட்ல வேற என்ன, முத்தா இருக்கும்?"

"சிரிக்காத. ஒரு விதை தெற்கு ஜார்ஜியாத் தீவுல போய் முளைச்சாலும் என்னத்தான் கேப்பாங்க. உனக்கு விதியெல்லாம் தெரியும்னு ஆபீஸ்ல நான் சொல்லி வச்சிருக்கேன்."

சாயங்காலம் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள். கரையில் உட்காரக்கூடாது, மண்டி போடக்கூடாது, பையைத் தரையில் வைக்கக்கூடாது. பறவைக்காய்ச்சல் பரவுகிறது. செத்துக் கிடக்கிற பறவையோ தள்ளாடுகிற பறவையோ கண்ணில் பட்டால் உடனே சொல்ல வேண்டும், தொடவே கூடாது. ஒன்று இருந்தாலும் அந்தக் கரையில் யாரும் இறங்க முடியாது.

நூறு பேரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 6

கடல் புரட்டுகிறது. பாதிப் பேர் படுக்கையில். நான் காலையில் ஆட்டிறைச்சி சாப்பிட்டேன். என் மேசையில் லோரேன் என்று ஒரு அமெரிக்க அம்மாள், விதவை, நல்ல மாதிரி. லீடர் யார் பேத்தி என்று அவளுக்குச் சொன்னேன். பக்கத்து மேசைக்கும் சொன்னேன். பரிமாறுகிற பையனுக்கும்.

டெஸ்லின் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத பாட்டி. கூச்சமா இருக்கு."

கூச்சப்பட என்ன இருக்கிறது?

அவளுக்கு அடுத்த பதவியில் பெர்த்தில் என்ற சுவீடன்காரர். இவள் பிறக்கும் முன்பே இந்தக் கடலுக்கு வந்தவராம். லீடர் வேலை தனக்குக் கிடைக்கும் என்று இருந்திருக்கிறார். "உங்க பேத்தி நல்லாத்தான் பண்றா, போகப் போகப் பாப்போம்" என்றார். அந்தப் 'போகப் போக' எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 7

பனிமூட்டம். முதல் பனிப்பாறை, ஸ்டான்லி தேவாலயம் உயரம். டெஸ்லின் சாப்பிடவில்லை.

நவம்பர் 8

தெற்கு ஜார்ஜியா வந்துவிட்டது. இறங்க முடியவில்லை. காலையில் போன விரிகுடாவில் காற்று, மத்தியானம் போன இடத்தில் அலை. டெஸ்லின் இரண்டையும் ரத்து செய்துவிட்டாள். சரியாகத்தான் செய்தாள். அந்த அலையில் நானே படகை இறக்கமாட்டேன்.

ஆனால் சாப்பாட்டு மேசையில் பேச்சு வேறு மாதிரி. முதுகுப்பக்கம் ஒருவர் சொல்கிறார், "இந்தப் பொண்ணு பயப்படுது. அந்தப் பெரியவரா இருந்தா இறக்கியிருப்பாரு." இன்னொருத்தி சொல்கிறாள், "பாட்டியக் கூட்டிட்டு வந்தவகிட்ட என்னத்த எதிர்பாக்கறது?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சூப் ஆறிப்போயிற்று.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. "நாளைக்கு ஒரு தடவையாவது இறக்கணும் பாட்டி" என்றாள்.

நவம்பர் 9, காலை

காற்று இல்லை. தண்ணீர் தட்டு மாதிரி. கரை முழுக்க ராஜ பென்குயின், நடுநடுவே யானைச்சீல்கள், மேலே மலையில் பனி. டெஸ்லினும் இன்னும் இரண்டு பேரும் முதல் படகில் கரையைச் சோதித்துப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

ராடியின் தொலைநோக்கியால் டெக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரையின் இடது கோடியில், ஆள் உயர டசாக் புல் புதரின் அந்தப் பக்க ஓரத்தில் ஒரு ஸ்கூவா. எங்கள் ஆட்டுக்குட்டிகளின் கண்ணைக் கொத்துகிற பழுப்புக் கடற்பறவை, எனக்கு அதன்மேல் பிரியம் கிடையாது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நேராக்கி, மறுபடி சாய்த்தது. இரண்டு எட்டு வைத்து உட்கார்ந்துவிட்டது. வயிறு நிறையத் தின்ற ஸ்கூவா அப்படி உட்காரும். அது இப்படித் தலையைச் சாய்க்காது.

பக்கத்தில் பெர்த்தில் நின்றார். "ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார்.

"பென்குயின்தான்" என்றேன்.

டெஸ்லின் அந்தக் கோடிவரை நடந்தாள். புதருக்கு அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்து வயர்லெஸ்ஸில் சொன்னாள்: கரை சுத்தம், இறக்கலாம். டெக்கில் எல்லாரும் கை தட்டினார்கள். நேற்று முதுகுக்குப் பின்னால் பேசினவரும் தட்டினார்.

ஒரே ஒரு பறவை. அடிபட்டிருக்கலாம். அடிபட்டதாகத்தான் இருக்கும். என் படகுக்குக் கூப்பிடுகிறார்கள்.

அதே நாள், சாயங்காலம்

கையை மருந்துத் தண்ணீரில் மூன்று தடவை கழுவிவிட்டார்கள், தோல் எரிகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கரையில் இறங்கினதும் எல்லாரும் பென்குயின் பக்கம் போனார்கள். நான் இடது கோடிக்குப் போனேன். அது அங்கேயேதான் இருந்தது. சிறகு மண்ணில் இழுபட, கழுத்து முறுக்கிக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்து விழுந்து, மறுபடி எழுந்திருக்கப் பார்த்து. கண் வெளுத்திருந்தது. அடிபட்ட பறவை இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்பவாச்சும் கூப்பிட்டிருக்கலாம். டெஸ்லின் கூப்பிடுகிற தூரத்தில்தான் நின்றாள். சிரித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பயணத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நான் நினைச்சது இதுதான்: இத முடிச்சு புதருக்குள்ள தள்ளிட்டா, யாரும் பாக்கமாட்டாங்க, பிள்ளைக்கு இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சிரும். அதோட, ஒரு உயிர அப்படிப் போட்டுட்டுப் போற வழக்கம் எங்களுக்கு இல்ல. எத்தன வாத்துக்கு எத்தன ஆட்டுக்கு செஞ்ச கை இது. கையுறைல பிடி வழுக்கிச்சு. கழட்டினேன். கழுத்துல ஒரு திருகு. அவ்வளவுதான்.

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். லோரேன் நின்றாள், கேமரா கழுத்தில் தொங்க. வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, என்ன பண்ணிட்டீங்க" என்றாள். சத்தம் கேட்டு டெஸ்லின் ஓடி வந்தாள்.

"பாட்டி, அசையாத. எதையும் தொடாத. முகத்தத் தொடாத."

அந்நியர்களிடம் பேசுகிற குரல். அதே குரலில் வயர்லெஸ்ஸில் சொன்னாள்: எல்லாரும் உடனே படகுக்குத் திரும்பணும். எல்லாரும் என்றால் எல்லாரும். கடைசிப் படகில் வந்த பத்துப் பேரை இறங்கவே விடவில்லை, தண்ணீரிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

நவம்பர் 10

அறையை விட்டு வெளியே வரக்கூடாது. சாப்பாடு வாசலில் வைத்துத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

காலையில் டெஸ்லின் வந்தாள். முகமூடி போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"மாத்திரை ரெண்டு வேளையும் போடணும். ஜுரம் இருக்கா?"

"இல்ல. டெஸ்லின், இங்க பாரு. செத்துக் கிடந்துச்சு, கிழவி தெரியாம எடுத்துட்டான்னு சொல்லிடு. புத்தி மட்டுன்னு சொல்லு. நான் மறுக்கமாட்டேன்."

"அந்தக் கரைக்கு நாளைக்கு வேற கப்பல் வருது பாட்டி. நடந்தது நடந்தபடி தெரிஞ்சாத்தான் அவங்க இறங்காம இருப்பாங்க."

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"எப்பப் பாத்தே அத?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. வாயும் இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முகமூடிக்கு மேலே அவள் அப்பனுடைய கண்.

"காலைல. டெக்குல இருந்து."

"நான் கரைல இருந்தப்பவா?"

"ஆமா."

"பெர்த்தில் உன் பக்கத்துல நின்னாரே."

"ஆமா."

"சரி" என்றாள். எங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை போட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துவிடும். இந்தச் 'சரி' வந்தால் தீராது.

"அதையும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"நூறு பேர இறக்கினவ நான். இந்தத் தீவு அதிகாரியும் கேப்பாரு, ஆபீஸும் கேக்கும். சொல்லாம எப்படி?"

"உனக்காகத்தான்டி—"

"எனக்காக இல்ல பாட்டி" என்றாள். "தட்டி கூப்பிட்டா மட்டும் கதவத் திற."

நவம்பர் 11

அவளுக்காக இல்லாமல் வேறு யாருக்காக?

நவம்பர் 12

எங்கேயும் இறங்க அனுமதி இல்லை. கப்பல் கரையோரமாகப் போகிறது, எல்லாரும் டெக்கில் நின்று தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றே பேசுகிறார்கள். "எங்க பயணமே போச்சு." "வயசானவங்க, தெரிஞ்சா செய்வாங்க?" "தெரிஞ்சுதான் செஞ்சாங்களாம், அதான் கேவலம்." கடைசியாகப் பேசினது லோரேன். நல்ல மாதிரி என்று எழுதியிருந்தேன். இப்போதும் அப்படித்தான் எழுதுவேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

தினமும் டெஸ்லின் ஒலிபெருக்கியில் சொல்கிற காலை வணக்கத்தை இன்று சொன்னது பெர்த்திலின் குரல். சாயங்காலமும் அவர்தான்.

நவம்பர் 13

இன்றும் பெர்த்தில்.

நவம்பர் 15

சோதனை முடிவு வந்தது. பறவைக்கு அந்தக் காய்ச்சல்தான். எனக்கு ஒன்றும் இல்லை, ஜலதோஷம்கூட இல்லை. முடிவைச் சொல்ல டெஸ்லின் வருவாள் என்று தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல் டாக்டர் வந்தார்.

"டெஸ்லின் எங்க?"

"கீழே. ரப்பர் படகெல்லாம் கழுவிட்டிருக்கா" என்றார்.

நவம்பர் 20

ஸ்டான்லி. ஒரு வீட்டில் தனியாக வைத்திருந்தார்கள், இன்று விட்டார்கள். ராடி ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். சீட்டில் கம்பளியை விரித்து, "ஏறும்மா" என்றான்.

"டெஸ்லின்?"

"ஆபீஸ்ல கணக்கு முடிச்சிட்டாங்க. நேத்து விமானத்துல போயிட்டா."

"வீட்டுக்கு வரலியா?"

"ஸ்காட்லாந்துக்கு. மொய்ரா தங்கச்சி இருக்கால்ல, அவ வேலை பாக்கற மீன் கொட்டகைல ஆள் எடுக்கறாங்களாம்."

"படகு ஓட்டற வேலையாவது குடுத்திருக்கலாமே அவங்க."

ராடி வண்டியைக் கிளப்பினான். கியர் மாற்றிக்கொண்டே சொன்னான், "அதுக்குக் கூப்பிட்டாங்க. கப்பல்ல எல்லாருக்கும் தன்ன அந்தப் பாட்டியோட பேத்தின்னுதான் தெரியும்னு சொல்லி, இவதான் வேணாம்னுட்டா."

டிசம்பர் 6

செம்மறிக்குக் கம்பளி கத்தரிப்பு. இருபது பேருக்குச் சமையல். கத்தரிக்க வந்தவர்களில் ஒருவன், "டெஸ்லின் எப்படி இருக்கா, கப்பல்தானே?" என்று கேட்டான். "உருளைக்கிழங்கு இன்னும் போடவா?" என்றேன்.

டிசம்பர் 25

டெஸ்லின் போன் செய்தாள். ராடி பேசினான், மொய்ரா பேசினாள், ஃபிராங்க்கி பேசினான். என்னிடம் வந்தபோது சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றார்கள். மொய்ரா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

ஜனவரி 19

நாளைக்குச் சின்ன விமானம் வருகிறது, தபால் போகும். டெஸ்லினுக்கு எழுதினேன். முதல் தடவை மன்னிப்புக் கேட்டு எழுதினது பாதியில் நியாயம் பேச ஆரம்பித்துவிட்டது, அடுப்பில் போட்டேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சின்னதாக வந்தது, அதையே ஒட்டிவிட்டேன்.

அப்பா சுகம், மழை இல்லை, உன் குதிரைக்கு லாடம் மாற்றியாயிற்று என்று எழுதினேன். அந்தப் பறவையைப் பார்த்ததும் உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு வரி. பிறகு இது:

சமையலறைச் சுவரில் இருந்த உன் படங்கள் எல்லாம் கப்பல் சட்டையில் எடுத்தவை, கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. மீன் கொட்டகை ஏப்ரனோடு இருந்தாலும் போதும். யாருக்கும் காட்டமாட்டேன்.