அப்பாவுக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர்

9 ஜூன் 2025, திங்கள்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நான் நல்ல பெண்ணாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

முதல் உண்மை: அப்பா வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று இன்று வகுப்பில் ஒருத்தியிடம் சொன்னேன். அப்பா எங்கேயும் போகவில்லை. ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் நான்கு மாதமாகப் படுத்திருக்கிறார். பிப்ரவரியில், அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. ‘தே’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. தண்ணீருக்கும் தே, கோபத்துக்கும் தே. ‘காசிமாயன் மைக் செட்’ என்று வண்டியில் எழுதி வைத்திருந்த மனிதர்.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் அலர்மேல்மங்கை அக்கா கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னார். “அவர் வாயத் திறக்கவே மாட்டேங்குறாரும்மா. இப்படியே விட்டா சாப்பாட்டையும் நிறுத்திருவாரு. அவருக்குப் பிடிச்சது ஏதாவது இருக்கா? பேச்சு போனவங்களுக்குக்கூட சில சமயம் பாட்டு வரும்.”

பாட்டு வரும்! கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் நாற்பத்திரண்டு இசைத்தட்டுகள் இருக்கின்றன. அப்பா சின்ன வயதில் தொழிலுக்கு வந்தபோது போட்டவை. போடுகிற மிஷின்தான் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே அது போய்விட்டது.

போனில் அதே பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். இடது கையால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

11 ஜூன்

பள்ளிக்கூட நூலகத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம் படித்தேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கான பிளேயர்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! சூட்கேஸ் மாதிரி மூடுகிற வகை பார்க்க அழகு, ஆனால் அதன் முள் பாரமாக அழுத்தித் தட்டைத் தேய்த்துவிடுமாம். அது வேண்டாம். ஸ்பீக்கரில் நேராகச் சொருகும்படி உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்க வேண்டும். இவை இரண்டும் சுலபமாக முடிவாகிவிட்டது.

பெரிய கேள்வி, கையால் முள்ளை எடுத்து வைப்பதா, தானாக வைத்துக்கொள்வதா. தானியங்கி வகையில் ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால், முள்ளைத் தாங்கும் கை போன்ற தண்டு தானே எழுந்து, தட்டின் மேல் போய், தானே இறங்குகிறது. பாட்டு முடிந்ததும் தானே திரும்பிவிடுகிறது. ஒரு கை மட்டும் வேலை செய்கிறவருக்கு இதைவிட எது பொருத்தம்? முப்பத்தொரு கருத்துரைகள் படித்தேன். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

14 ஜூன்

அம்மா சம்மதித்துவிட்டாள். “இம்புட்டு படிச்சுட்டுச் சொல்றேல்ல, சரியாத்தான் இருக்கும். ஆனா ஒருக்காத்தான்டி. தப்பா வாங்கிட்டு வந்து நிக்காத.”

கண்ணன் மாமாவிடம் கேட்டிருக்கலாம். அப்பாவோடு தொழிலில் ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவர் அவர்தான், கருத்தக்கண்ணன் மாமா. கேட்கவில்லை. ஏன்? அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர், அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்தேன். உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன், எழுதிவிட்டேன்.

21 ஜூன்

வந்துவிட்டது! கட்டிலின் இடது பக்கம் ஸ்டூலில் வைத்தேன். அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்து அமுக்கினேன். தண்டு எழுந்தது. அப்பாவின் கண் அதோடு நகர்ந்தது. முள் இறங்கி, கரகரவென்று ஒரு நொடி, பிறகு நாதஸ்வரம்.

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது போல இருந்தது. அசைந்ததா?

22 ஜூன்

இன்று பாட்டு ஓடும்போது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

25 ஜூன்

நான்கு நாளாக அவராக ஒருமுறைகூடப் பொத்தானைத் தொடவில்லை. நான் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். இன்று சாயங்காலம் கஞ்சியைத் துப்பிவிட்டார், என் சீருடையில். நான் கத்திவிட்டேன். “என்னதான்ப்பா வேணும் உங்களுக்கு? எல்லாம் உங்களுக்காகத்தான வாங்குனது!” தே, என்றார். மிகச் சின்ன சத்தம். அதற்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை.

27 ஜூன்

கண்ணன் மாமா பார்க்க வந்தார். பிளேயரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏத்தா, இது பாட்டுப் போடுற மிஷினா, துணி தொவைக்கிற மிஷினா?” என்று சிரித்தார். நான் பெருமையாகப் பொத்தானை அமுக்கிக் காட்டினேன். தண்டு தானாக எழுந்து போவதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை.

வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். “தாயி, பன்னெண்டு வருசம் ரெக்கார்டுல ஒண்ணா வேல பாத்தோம். பந்தல் நான் போடுவேன், கொழா ஸ்பீக்கர் நான் கட்டுவேன். முள்ள மட்டும் அவன்தான் வைப்பான். தட்ட வெளிச்சத்துல சாய்ச்சுப் பாப்பான். நாலாவது பாட்டுன்னா கரெக்டா நாலாவது பாட்டுல எறக்குவான், ஒரு கீறல் சத்தம் கேக்காது. ஒருநா அவன் ஒண்ணுக்குப் போன நேரம் பாட்டு முடிஞ்சு போச்சேன்னு நான் வச்சுட்டேன். வந்து ஓங்கி ஒரு அறை. கல்யாண வீடே பாத்துச்சு. மத்தவன் கை முள்ளுல படக்கூடாது. அது அவன் வேல.” செருப்பை மாட்டிக்கொண்டார். “நீ அவனுக்கு வேல இல்லாத மிஷினா வாங்கிப் போட்டுருக்க.”

உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

27, இன்னும் கொஞ்சம்

உபயோகிக்க எளிது, எளிது என்று தேடினேனே — யாருக்கு எளிது? பொத்தானை அமுக்கிவிட்டு அம்மா சமைக்கப் போகலாம். நான் படிக்கப் போகலாம். அவர் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம். அன்று நூலகத்தில் இதை நான் நினைத்தேன். ஒரு நிமிடம்தான், ஆனால் நினைத்தேன்.

28 ஜூன்

திருப்பி அனுப்பும் படிவத்தில் காரணம் கேட்கிறார்கள். உடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்துவிட்டது, வேலை செய்யவில்லை. இந்த மூன்றுதான். ‘என் அப்பாவுக்குக் கை இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன்’ என்று ஒரு கட்டம் இல்லை. ‘வேலை செய்யவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பொய்.

1 ஜூலை

பிளேயரை எடுத்துப் போக வந்த டெலிவரி அண்ணன், சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று பிளக்கைச் சொருகினார். தட்டு ஜம்மென்று சுற்றியது. எனக்குக் காது சுட்டது. அவர் என்னைப் பார்த்தார். கட்டிலில் அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் வலது கை தலையணை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது.

“ஓடல, இல்ல?” என்றார்.

“ஓடலண்ணே.”

“சரிம்மா.” எழுதிக்கொண்டு எடுத்துப் போனார். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

6 ஜூலை

புதியது வந்தது. இந்தமுறை கண்ணன் மாமாவை உட்கார வைத்துப் படம் காட்டித்தான் தேர்ந்தெடுத்தேன். பொத்தான் கிடையாது, தானாக எதுவும் செய்யாது. தண்டை மெதுவாக இறக்க ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அப்பா அதை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டார்.

முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தோம். அப்பா வலது கைக்காரர். இருப்பது இடது கை. அது நடுங்குகிறது. தண்டைத் தூக்கினார். வந்தது, வந்தது, விழுந்தது. க்ர்ர்ரீச் என்று தட்டின் குறுக்கே ஓடியது. எனக்குப் பல் கூசியது. மறுபடி தூக்கினார். மறுபடி.

பதினான்கு முறை எண்ணினேன். அந்தத் தட்டு முடிந்தது. அம்மா அவர் கையைப் பிடித்தாள். “வேணாங்க. பாட்டெல்லாம் போகுதுங்க.” அப்பா கையை உதறிவிட்டு அடுத்த தட்டைக் காட்டினார்.

சாயங்காலம் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

13 ஜூலை

ஆறு தட்டுகள் போய்விட்டன. பக்கத்து வீட்டு ராமக்காள் அக்கா வந்து, “என்னடி, தகரத்த அறுக்குறாப்புல சத்தம் கேக்குது தெனமும்” என்றாள். “அப்பாதான்” என்றேன். அப்பாவைத் தடுப்பதா விடுவதா என்று அம்மாவும் நானும் சண்டை போட்டுக்கொண்டோம். அம்மாவுக்கு அந்தப் பாட்டுகள்தான் அப்பா. இவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

20 ஜூலை

முள் ஒடிந்தது. புதிய முள் வருகிற வரை நான்கு நாள் அப்பா யாரையும் பார்க்கவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

அலர்மேல்மங்கை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “ஆறு மாசம் ஆயிருச்சும்மா. இனிமே பேச்சு பெருசா வராது. நீ தினமும் அவர் வாயையே பாத்துக்கிட்டு இருக்காத. அவருக்கும் அது தெரியுது.”

பாட்டு வரும் என்றீர்களே என்று கேட்டேன். “சில சமயம் வரும்னு சொன்னேன்.” உண்மைதான், அப்படித்தான் சொன்னார். ஜூன் 9-ஐப் புரட்டிப் பார்த்தேன்.

மொட்டைமாடியில் துணி எடுப்பது போல நின்று அழுதேன். இனி அப்பா என்னை ரம்யா என்று கூப்பிட மாட்டார். என்ன குரலில் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தேன். சரியாக வரவில்லை — அதற்குள்ளாகவா?

30 ஆகஸ்ட்

பதினெட்டுத் தட்டுகள்.

14 செப்டம்பர்

இன்று மூன்று முறை கீறாமல் இறங்கியது. ஆனால் எங்கெங்கோ, பாட்டின் நடுவில், அழுகிற இடத்தில், முடிவில் வரும் மங்களத்தில். அப்பா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி, எடுத்துவிட்டார். எனக்குப் போதும் என்று இருந்தது. அவருக்கு இல்லை.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. கண்ணன் மாமா மைக் செட்டுகளைத் துடைத்து முன்னறையில் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து அவற்றை அவர்தான் வாடகைக்கு எடுத்துப் போகப் போகிறார், அவர் பெயரில். அப்பா வண்டியில் எழுதியிருக்கும் பெயரை மாற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். மாமா, “எழுதுறேன் மாப்ள, மெதுவா எழுதுறேன்” என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூடம் காட்டியபோது மணி ஆறரை. அப்பா நல்ல தட்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்கினார். சாய்த்துப் பார்த்தார். சுழல விட்டு, எங்களுக்கு இரண்டு விரலைக் காட்டினார். இடது கை தண்டைத் தூக்கியது. நடுக்கம் இருந்தது, ஆனால் இப்போது அவர் நடுக்கத்தை எதிர்க்கவில்லை, அது ஒருமுறை ஆடி ஓய்கிற நேரத்துக்குக் காத்திருந்தார். இறக்கினார். சத்தமே இல்லை. பிறகு இரண்டாவது பாட்டு, முதல் எழுத்திலிருந்து.

மாமா, “அடேய்” என்றார், அவ்வளவுதான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்பாவின் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தேன்.

பாட்டு முடிய முள்ளை எடுத்தார். அடுத்ததற்கு வைத்தார். எங்களைப் பார்த்துத் தே என்றார், வெளியே போங்கள் என்று. வாசற்படி வரை வந்து திரும்பிப் பார்த்தேன். கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, சுவரில் தோளைச் சாய்த்து, விளக்கின் சுவிட்சுக்கு இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் உதவிக்கு ஓடவில்லை. கொஞ்ச நேரம் ஆனது. முன்னறையில் விளக்கை அப்பாவே அணைத்தார்.