பெயருக்கு முன்னால ஒரு சிலுவை

கொழும்பு,
திங்கள் பின்னேரம்.

அன்புள்ள அப்பாவுக்கு யூலியானா எழுதுறது. நான் சுகம். உங்கட முழங்கால் நோ எப்பிடி? காத்துக்க கடலுக்குப் போகாதேங்கோ.

பெரிசா ஒண்டுமில்லை, சும்மா சொல்லுறன். இஞ்ச நான் படிக்கிற தனியார் பயிற்சி நிலையத்தில படிச்சு முடிச்சாப் பதிவுபெற்ற தாதியாக ஏலுமோ எண்டு கேக்க, வியாழக்கிழமை சுகாதார அமைச்சுக் கந்தோருக்குப் போனனான். ஏலாதாம். வீடுகளில வயசுபோன ஆக்களைப் பராமரிக்கத்தான் இந்தப் படிப்பாம். அங்க இருந்த தமிழ் அக்கா என்ர பெயரிருந்த பழைய பைலைப் பாத்திட்டுச் சிரிச்சுக்கொண்டு கேட்டா: “மூண்டு வருசத்துக்கு முதல் அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு நேர்முகம் வரச்சொல்லிக் கடிதம் போட்டது. நீர்தானே வரேல்லை?”

பதிவுத் தபாலில வந்த அந்தக் கடிதத்தை எடுத்ததுக்குக் கையெழுத்து வைச்ச துண்டையும் காட்டினா. பெயருக்கு முன்னால ஒரு சின்னச் சிலுவை. எங்கட நெடுந்தீவில அப்பிடிக் கையெழுத்து வைக்கிறது நீங்கள் ஒராள்தான், அப்பா.

அப்ப தபால் வள்ளம் வாற நேரமெல்லாம் நான் இறங்குதுறைக்கு ஓடினனான். நீங்கள் என்ர தலையைத் தடவி, “உன்னைக் கூப்பிடேல்லைப் பிள்ளை” எண்டனியள். அம்மா செத்த வருசம், தனிய இருக்கப் பயந்தியளாக்கும். கேட்டிருந்தா நானே நிண்டிருப்பன். இப்ப விண்ணப்பிக்கிற வயசும் எனக்குத் தாண்டிட்டுது.

கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல் மா அனுப்புங்கோ, இஞ்சத்தைச் சாப்பாடு இறங்குதில்லை. அம்மாவின்ர படம் ஒண்டும் வேணும். அந்தக் கடிதத்தை எரிச்சிருக்க மாட்டியள், எனக்குத் தெரியும். அதையும் உள்ளுக்கு வையுங்கோ.

வகுப்புக்கு மணி அடிச்சிட்டுது. பாசலைப் பதிவுத் தபாலில போடுங்கோ. இந்த முறை நானே கையெழுத்து வைச்சு எடுப்பன்.

மகள்,
யூலியானா