கண்ணாடிக்குக் கீழே இரண்டு துளைகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் மனைவியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, அங்கே வெயிலோ குளிரோ, நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. போனில் சொன்னால் பாதியில், "சரிம்மா, சரிம்மா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது இல்லையா, அதனால்தான் இது.

உன் போன கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஜீப்பை விற்கச் சொல்லி, விற்பனைத் தாளில் கையெழுத்தும் போட்டு உள்ளே வைத்திருந்தாய். "ஓடையிலயெல்லாம் படகு மாதிரி ஓட்டினா வண்டி எப்படித் தாங்கும்? ஆபீஸ்ல நாற்காலி இருக்குல்ல, அவளை அதுல உட்காரச் சொல்லு" என்று எழுதியிருந்தாய். அவளுக்கென்று தனியாக ஒரு வரி இருக்குமா என்று தாளின் பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். இல்லை. இரண்டு மாதமாக நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

நீ சொன்னபடி செங்கல் சூளைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்றார். உன் மனைவி வண்டியிலிருந்த மருந்துப் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தாள். மேட்டுக் குடியிருப்புகளுக்கு ஏறிப்போகிற மாட்டு டாக்டர் அவள் ஒருத்திதான். அந்தச் சேற்றுப் பாதையில் வேறு வண்டி ஏறாது. ஜீப் கைமாறினால், மேலே ஒரு பசு கன்று போட முடியாமல் துடித்தாலும் இவள் கீழே மேசையில் காகிதம் புரட்ட வேண்டியதுதான்.

நீ கிளம்பிப் போன பிறகு வண்டி அடித்த கூத்தையும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் வைப்பர் தானாக ஆடும், நின்ற பிறகும் ஆடும். இடது பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் ஹார்ன் அலறும். முன்விளக்கு பாதி வழியில் அணையும். காலையில் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். தெருமுனை எலக்ட்ரீஷியன், அதுதான் நம் ஃபியூஸ் அண்ணன், மூன்று தடவை ஃபியூஸ் மாற்றிவிட்டு, ஒயரிங் மொத்தமும் போய்விட்டது, தள்ளிவிடுங்கள் என்று கையை விரித்துவிட்டார்.

அவரிடம் இவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மழை பெஞ்சா மட்டும்தானே அண்ணே கோளாறு வருது? அப்போ ஒயரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும்ல?" அண்ணன் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை காலையில் சேலையை மாற்றி உன் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். இருக்கைகளைக் கழற்றினாள், தரைவிரிப்பை உரித்தாள். அதற்கு அடியில் இருந்த கம்பளி ஊறிப்போய் நாற்றம் வாசல்வரை அடித்தது. கொடியில் போட்டோம், மூன்று நாள் சொட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே என்னை உள்ளே உட்காரவைத்து, கால் பக்கம் முழுக்கச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவி, கையில் டார்ச்சைக் கொடுத்தாள். தண்ணீர் வந்தால் பொடியில் கோடு விழும், பார்த்துச் சொல்ல வேண்டும். இவள் வெளியே குழாயோடு. குடை பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்திப் பிடித்தாள். மேலேயிருந்து பிடித்தால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்றே தெரியாதாம். கதவு ரப்பரில் கொஞ்சம் கசிந்தது, அது பெரிதில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வருவதற்கு வரிசையாகச் சந்து விட்டிருக்கிறதே, அங்கே பிடித்தாள். முதலில் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் கழித்துத் திடீரென்று என் முழங்காலில் கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஃபியூஸ் பெட்டியின் தலைமேல் அபிஷேகம் நடக்கிறது.

அந்தச் சந்தின் மேல்மூடியைக் கழற்றினாள். அடியில் தொட்டி மாதிரி ஒரு பள்ளம், விளிம்பு வரை தண்ணீர், மேலே சருகு. அவள் விளக்கித்தான் எனக்குப் புரிந்தது. அந்தச் சந்தில் மழைநீர் இறங்குவது தப்பே இல்லையாம். அது வெளியே ஓடிவிட வண்டி செய்தவர்களே இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு துளை விட்டிருக்கிறார்கள். அந்த இரண்டையும் யாரோ கறுப்புப் பசை வைத்து இறுக்கமாக அடைத்திருந்தார்கள். போக வழியில்லாத தண்ணீர் நிரம்பி உள்ளே வழிந்திருக்கிறது.

திருப்புளியால் நெம்பி ஒரு பசைக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது, குறுக்கே ஒரு தழும்புக் கோட்டோடு. ஒன்பது வயதில் தகர டப்பா மூடியில் நீ விரலைக் கிழித்துக்கொண்டு வந்தபோது துணி சுற்றிவிட்டவள் நான். எனக்குத் தெரியாதா? கட்டின மனைவி, அவளுக்கும் தெரியாதா? தன் விரலால் அந்தக் கோட்டை ஒருமுறை தடவினாள். பிறகு, "எவனோ மெக்கானிக் தெரியாம அடைச்சிருக்கான் அத்தை" என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிட்டாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முதல் நாள் கையெல்லாம் கறுப்பாக, பானெட்டின் மேல் குப்புறப் படுத்திருந்தாய். "இனி மழையில அவ கால் நனையாதும்மா" என்று என்னிடம் பெருமையடித்தாய். கப்பலில் வேலை பார்ப்பவன், ஓட்டை என்று கண்டால் அடைக்கத்தான் உனக்குத் தோன்றும். ஆனால் ராஜா, பழியை ஓடையின் மேலும் அவள் மேலும் போட்டுவிட்டாயே! நீ போனில் கத்திய கத்தலெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஒரு வார்த்தை, "உங்க பையன் வேலையைப் பாருங்க அத்தை" என்று சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? என்னிடம்கூட உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவள் மேல் எனக்கு வந்த மரியாதை என் கூடப் பிறந்தவர்கள் மேல்கூட வந்ததில்லை.

பிறகு நான்கு சாயங்காலம் ஒயர் வேலை. ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சைப் பச்சையாகக் களிம்பு. எது எங்கே இருந்தது என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சமையல் சோடாத் தண்ணீரும் நீ விட்டுப்போன பல் துலக்கும் பிரஷுமாகத் தேய்த்தாள். துருப்பிடித்த எர்த் கம்பியை வெட்டி, அடியில் தகரம் பளபளக்கும்வரை சுரண்டிப் புதிதாக முடுக்கினாள். ஒயர்கள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டாள். எங்கிருந்தாவது தண்ணீர் ஒயரோடு ஓடிவந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். வேடிக்கை பார்க்க வந்த ஃபியூஸ் அண்ணன் கடைசியில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். "டாக்டரம்மா, நாளையிலேருந்து என் கடையை நீங்களே பார்த்துக்குங்க" என்றார். மனுஷன் வாயால் இப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டோ கொட்டென்று மழை. பத்து மணிக்கு மேட்டிலிருந்து ஆள் வந்தார், பசுவுக்கு இரவிலிருந்து வலி, கன்று குறுக்கே கிடக்கிறது என்று. சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று மணிக்குச் சூளைக்காரர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு நான் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தேன். மழையில் பொழுது முன்னதாகவே மங்கிவிட்டது. ஐந்தரைக்குத் திருப்பத்தில் இரண்டு விளக்கும் நன்றாக எரிய ஜீப் வந்தது. இடது விளக்கைப் போட்டுத் திரும்பினாள், ஹார்ன் வாயைத் திறக்கவில்லை. முழங்கைவரை இரத்தமும் சேறுமாக இறங்கி, "ரெண்டும் பிழைச்சிருச்சு அத்தை, கிடேரிக் கன்னு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சூளைக்காரரிடம் வண்டி விற்பதற்கில்லை என்று நானே சொல்லி அனுப்பிவிட்டேன். நீ கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்ததும் நான்தான். உன்னைக் கேட்காமல் செய்யலாமா என்று அவள் தயங்கினாள். கோபம் வந்தால் என்னிடம் காட்டு.

மழையில் ஒரு சின்னக் கோளாறு, சரியாகிவிட்டது என்று மட்டும் உனக்கு எழுதச் சொன்னாள். மீதியெல்லாம் அவளுக்குத் தெரியாமல் நான் எழுதுவது. நீ காட்டிக்கொடுத்துவிடாதே. தப்பு செய்துவிட்டேன் என்று எழுத உனக்குக் கை வராது, உன் அப்பாவுக்கும் வந்ததில்லை. வராவிட்டால் போகட்டும். கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுது, அவள் புரிந்துகொள்வாள். ஆனால் உறையின் மேல் அவள் பெயர் இருக்கட்டும். தபால்காரர் மணியடித்தால் இன்னமும் அவள்தான் முதலில் ஓடுகிறாள். உறையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் அத்தை" என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகிறாள். இன்னொரு தடவை அவள் கையிலிருந்து அதை வாங்க எனக்குத் தெம்பு இல்லையடா.

நீ நல்லபடியாகக் கரை சேர வேண்டும், இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா