ஏழாவது கேள்வி

பிப்ரவரி 20, 2024, செவ்வாய்

காலையில் பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. பிரித்தால் உள்ளே இன்னொரு உறை. அதன்மேல் ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து: திருத்தந்தையின் இரகசியத்துக்கு உட்பட்டது. பெறுநர் திருமதி செசிலியா சீதாலெட்சுமி. கல்யாணத்துக்கு முன்பு ஞானஸ்நானம் வாங்கியபோது வைத்த பெயர் செசிலியா. கோவிலில்கூட யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் எல்லாருக்கும் சீதா டீச்சர்.

அனுப்பியது கோலாலம்பூரில் இருக்கும் திருத்தந்தையின், அதாவது போப்பாண்டவரின் தூதரகம். என்ன தப்பு செய்தேன் என்றுதான் முதலில் தோன்றியது.

விஷயம் என்னைப் பற்றியது இல்லை. ஃபாதர் ராஜனைப் பற்றியது. வெளிநாட்டில் ஒரு மறைபரப்புப் பகுதியை ஆளும் பொறுப்புக்கு அவர் பெயரைப் பரிசீலிக்கிறார்கள். அது அவருக்கே தெரியாது. அவரை நீண்ட நாள் அறிந்த சிலரிடம் மட்டும் கேட்கிறார்கள், அவர்களில் நானும் ஒருத்தி. பதினான்கு கேள்விகள். மார்ச் 8-க்குள் பதில் போய்ச் சேர வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாது, நகல் வைத்துக்கொள்ளக் கூடாது, தமிழிலும் எழுதலாம்.

நாட்குறிப்பில் எழுதலாமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பிப்ரவரி 21

கடிதத்தை மூன்றாவது முறை படித்தேன். அந்த இடம் மறைமாவட்டம் இல்லை. அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லையாம். ஆயர் கிடையாது. திருத்தந்தையின் பெயரால் ஒரு குரு ஆள்வார், அவருக்குப் ‘பிரிபெக்ட்’ என்று பெயர். முன்பிருந்தவர் இறந்து நான்கு வருடமாகிறது. எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர் தற்காலிக நிர்வாகியாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். மலை நாடு. மூன்று ஊர், ஐந்து குருக்கள், கத்தோலிக்கர் எண்ணூறு பேர். ஃபாதர் ராஜன் ஆறு வருடம் இரவலாகப் போய் வேலை செய்துவிட்டு வந்த அதே இடம்தான்.

பனியில் பாதை அடைபட்டால் மேலே கேட்க ஆள் இருக்காது. அங்கே அவர் எடுப்பதுதான் முடிவு. அதனால்தான் ஏழாவது கேள்வி என்று நினைக்கிறேன்.

‘நெருக்கடியில் துணிவோடும் சரியாகவும் முடிவெடுப்பவரா? நீங்கள் அறிந்த சம்பவம் இருந்தால் எழுதவும். நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதைக் குறிக்கவும்.’

பக்கத்தில் இரண்டு கட்டங்கள்.

சம்பவம் இருக்கிறது.

பிப்ரவரி 23

எழுதிப் பார்க்கிறேன்.

மார்ச் 2001. கம்போங் மேடானில் இனக் கலவரம் நடந்த நாட்கள். நாங்கள் அப்போது அங்கேதான் இருந்தோம். என் தம்பி முகுந்தனுக்கு முப்பத்து மூன்று வயது, லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். மாலை ஐந்து மணி இருக்கும். வேலை முடிந்து வந்தவனை ஆறேழு பேர் துரத்தினார்கள். பிளாட்டுக்குப் பின்னால் எங்கள் சிற்றாலயக் கூடம் இருந்தது. அங்கே ஓடினான். கிரில் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஃபாதர் ராஜன், சாவி அவர் கையில். அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது, புதுக் குரு.

முகுந்தன் கதவை உலுக்கிக் கத்தினான். அவர் திறக்கவில்லை.

வலது கையில் வெட்டு. உயிர் பிழைத்தான். மூன்று விரல்கள் இன்றுவரை மடங்காது. லோரி போயிற்று. இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

இதுதான் சம்பவம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஃபாதர் ராஜன் கிள்ளானில் எங்கள் பங்குக் கோவிலில் ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போன வருடம்தான் அங்கே மாறினார். பார்க்க வேண்டும் போலிருந்தது. எதற்கு? குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்க்கவா?

பூசை முடிந்து வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

“டீச்சர், என்ன இவ்ளோ தூரம்? முகம் ஒரு மாதிரி இருக்கே. பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?”

“சாப்பிடறேன் ஃபாதர்.”

“முகுந்தன் எப்படி இருக்காரு? மழை நேரத்துல விரல் இழுக்குதுன்னாரு. இப்ப பரவாயில்லையா?”

விரல் இழுப்பது எனக்கே தெரியாது. இவருக்கு எப்படித் தெரியும்? ஏதோ சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 27

ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். ஏழைத் தாண்டிப்போய் எட்டும் ஒன்பதும் எழுதினேன்.

பிப்ரவரி 29

பன்னிரண்டாவது: அவர் இரகசியம் காப்பவரா? பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

திரும்பி வந்து ஏழுக்குப் பதில் எழுதினேன். ‘2001-இல் உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஒருவருக்கு அவர் கதவைத் திறக்கவில்லை.’ ஒரே வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. இது போதும், அந்த மலை நாட்டுக்கு வேறு ஆள் தேடிக்கொள்வார்கள்.

கட்டத்தில் டிக் போட வேண்டும். நேரில் கண்டதா, கேட்டதா? ‘கேட்டது’ மேல் பேனாவை வைத்தேன். டிக் போடாமலே எடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தாமரை வேலையிலிருந்து வந்துவிட்டாள். “என்னம்மா, பாரம் பூர்த்தி பண்றியா? கொடு, நான் ஆன்லைன்ல பண்றேன்.”

“பென்ஷன் பாரம்டி. அவங்களுக்குக் கையாலதான் எழுதணுமாம்.”

பெற்ற மகளிடம் பொய். எத்தனையாவது?

மார்ச் 2, சனி

ரவாங் போனேன். இரகசியத்தை மீறவில்லை, தம்பியைப் பார்க்கப் போவதை எந்தத் திருத்தந்தையும் தடுக்கவில்லை.

முகுந்தன் இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்திருந்தான். தே தாரிக் தேநீர் கலந்து கொடுத்தான், இடது கையால். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: “ஃபாதர் ராஜன் உன்னைப் பார்க்க வருவாராடா?”

“வருவாரு. ஏன்?”

“எப்பலேர்ந்து?”

“அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு லா. எனக்கு மயக்கம் தெளியறப்ப கட்டில் பக்கத்துல நிக்கறாரு. ‘சாவி என் கையில இருந்துச்சு, நான் பயந்துட்டேன்’னாரு. வேற ஒண்ணும் சொல்லல. நான் கெட்ட வார்த்தையில திட்டினேன். மறுநாளும் வந்தாரு. அப்புறம் மாசாமாசம். அந்த மலை ஊருக்குப் போனப்பகூட கடுதாசி போட்டாரு.”

“என்கிட்ட நீ சொல்லவே இல்லையே.”

“உனக்கு அவரைக் கண்டா ஆகாதுன்னு நினைச்சேன். அவரு பேரை எடுத்தாலே நீ எழுந்து போயிடுவ.”

“மன்னிச்சிட்டியா?”

அவன் கிளாஸை மேசையில் வைத்தான். “மன்னிச்சேன்னு சொல்லல. வந்தா உட்காருங்கன்னு சொல்றேன். அவ்ளோதான்.” பிறகு, “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. கோழையா இருந்தா அடுத்த மாசமே மாத்தல் வாங்கிட்டு ஓடியிருக்கலாம். அவரு ஓடல,” என்றான்.

திரும்பும் வழியெல்லாம் ரயிலில் கையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 3

எழுது. இந்த நோட்டிலாவது எழுது.

நான் உள்ளே இருந்தேன்.

பீடத் துணி மாற்றப் போயிருந்தேன். தாமரை என்னோடு. நான்கு வயது, அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. வெளியே சத்தம் கேட்டதும் ஃபாதர் வந்து கதவைப் பூட்டினார். கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். ஜன்னல்களை மூடிவிட்டு, வாசலிலிருந்து தெரியாத தூணுக்குப் பின்னால் நானும் பிள்ளையும். அவள் வாயை என் கையால் பொத்தியிருந்தேன்.

கதவு அதிர்ந்தது. “திறங்க, திறங்க” என்று ஒரு குரல். பின்னாலேயே ஓடிவரும் காலடிகள். ஃபாதர் சாவியோடு பூட்டுப் பக்கம் போனவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கிசுகிசுத்தார்: “டீச்சர், உங்க தம்பி குரல் மாதிரி இருக்கே?”

தெரிந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? தூக்கி வளர்த்த பிள்ளை. திறந்தால் அவனோடு அவர்களும் உள்ளே வருவார்கள், தாமரை—

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் சாவியை இறக்கினார்.

போலீஸ் வந்த பிறகு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். அன்று நான் கோவில் பக்கமே போகவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஃபாதரிடம், “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்று கெஞ்சினேன். “சொல்ல மாட்டேன்,” என்றார். இருபத்து மூன்று வருடம். அவனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் கெட்ட வார்த்தையில் திட்டியபோதுகூட. நான்? அவர் பெயர் வந்தாலே எழுந்து போயிருக்கிறேன். எனக்கு ஆகாதவர் அவர் என்று உலகம் நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மார்ச் 5

ஏழுக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

புதிதாக இரண்டு பக்கம் எழுதினேன். நடந்தது நடந்தபடி. நான் தலையாட்டியதையும் சேர்த்து. அவர் பயந்தார் என்பதையும் எழுதினேன், ஏனென்றால் அவர் முகத்தை நான் பார்த்தேன். என் தலையாட்டலை மீறித் திறந்திருக்கலாம், அதுவும் உண்மை. திறந்திருந்தால் நானும் மகளும் இருந்திருப்போமா, தெரியாது. ‘சரியான முடிவா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த முடிவை விட்டு அவர் ஒரு நாளும் ஓடவில்லை’ என்று முடித்தேன்.

நேரில் கண்டது. டிக்.

பன்னிரண்டுக்கு: ‘காப்பார். தன் பெயர் கெட்டாலும் காப்பார். எனக்குத் தெரியும்.’

மார்ச் 6

தபாலில் சேர்த்துவிட்டேன். இனி என் கையில் இல்லை. ஆனால் என் கையில் இன்னொன்று இருக்கிறது.

மார்ச் 9, சனி

ரவாங். முகுந்தன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று நின்றபடியே சொன்னேன்.

ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். “நீ உள்ள இருந்தியா?”

“இருந்தேன்.”

“நான்தான்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். சட்டையை உதறிக் கொடியில் போட்டான். கிளிப் மாட்ட மடங்காத விரலோடு போராடினான். உதவப் போனேன். “வேண்டாம்” என்றான். பிறகு என்னைப் பார்க்காமலே, “ட்ரெயினுக்கு நேரமாச்சு. போக்கா,” என்றான்.

மார்ச் 17

போன் எடுக்கவில்லை.

மார்ச் 31, ஈஸ்டர்

எடுக்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ஒவ்வொரு வருடமும் பாயசத்துக்கு வருவான். இந்த வருடம் இல்லை. “மாமாவுக்கு என்னாச்சு?” என்று தாமரை கேட்டாள். அவளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். பிறகு, “எனக்காகவாம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் பாரத்தை அவள் தலையில் வைத்த மாதிரி. “நான் பயந்தேன்டி. அவ்வளவுதான்,” என்றேன்.

மே 22

தூதரகத்திலிருந்தும் ஒன்றும் இல்லை. பதில் போடுவது வழக்கமில்லையாம், கடிதத்திலேயே போட்டிருந்தது. அந்த எண்பது வயதுப் பெரியவர் அங்கே இன்னும் தற்காலிகமாக இருந்துகொண்டிருப்பார். பதிலுக்குக் காத்திருக்கும் என்னைப் போல.

ஜூன் 18, செவ்வாய்

மாலை ஆறு மணிக்கு, ரோமில் நண்பகல், அறிவிப்பு வந்தது. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே ஆரவாரம். ஃபாதர் ராஜன் பிரிபெக்ட். ஊர்ப் பெயரை எனக்குச் சரியாக உச்சரிக்க வரவில்லை.

என் இரண்டு பக்கத்தைப் படித்தும் அவரை எடுத்தார்களா, படித்ததால் எடுத்தார்களா? யாரும் சொல்லப்போவதில்லை. நானும் கேட்க முடியாது.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று பிரிக்பீல்ட்ஸில் ஃபாதருக்கு வழியனுப்பு. செவ்வாய்க்கிழமை விமானம். மண்டபம் நிறையக் கூட்டம். பெரிய பெரிய கம்பளிச் சட்டைகள் பரிசாக வந்து மேசையில் குவிந்திருந்தன.

கை கழுவும் இடத்தில் தனியாகக் கிடைத்தார். “ஃபாதர், முகுந்தன்கிட்ட சொல்லிட்டேன்.”

“தெரியும் டீச்சர். மார்ச்லயே போன் பண்ணி, ஏன் என்கிட்ட மறைச்சீங்கன்னு அரை மணி நேரம் திட்டினாரு லா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாவி என் கையிலதானே இருந்துச்சுன்னேன்.” கைகளைத் துடைத்துக்கொண்டார். “போற இடத்துல கதவு நிறைய இருக்கு. எனக்காக வேண்டிக்குங்க.”

யாரோ கூப்பிட, போய்விட்டார். திரும்பினால் மண்டப வாசலில் முகுந்தன் நின்றிருந்தான். ஆறு மாதத்தில் இளைத்திருந்தான். நேராக ஃபாதரிடம் போனான். இருவரும் ஏதோ பேசினார்கள், கேட்கவில்லை. முகுந்தன் இடது கையை நீட்ட, அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என் பக்கம் அவன் வரவில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். கிள்ளான் பக்கம் போகும் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றான்.

“ரவாங் வண்டி எதிர்ப் பிளாட்பாரம்டா,” என்றேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

“தெரியும்.”

வண்டி வந்தது. ஏறினான். எதிர் இருக்கையில் உட்கார்ந்து கிள்ளான் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் தாமரை கதவைத் திறந்தாள். “வாங்க மாமா,” என்றாள், நேற்றுத்தான் வந்து போனவனைக் கூப்பிடுவது போல. மண்டபத்தில் அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சோறு வடித்து, காலையில் வைத்த மீன் குழம்பைச் சூடு பண்ணி, ஸ்பூனோடு வைத்தேன். தலை நிமிராமல் சாப்பிட்டான்.

பாதியில் தட்டை என் பக்கம் தள்ளினான்.

“இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துக்கா.”

ஊற்றினேன்.