புகைக்கு அந்தப் பக்கம்

என் பெரிய பெண்ணுக்கு,

சேலையூரில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. நீ அமெரிக்காவிலிருந்து அம்மாவுடன் போனில் பேசுவது என் காதிலும் விழும். நான் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"குழல் வாய் வழியா வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய மாடல் துப்பாக்கிம்மா. மான் வேட்டைக்குன்னு இவர் வாங்கியிருக்கார்" என்றாய் ஒரு நாள்.

"பாவம்டி அந்த மான்" என்றாள் அம்மா. நான் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அன்றிலிருந்து யூடியூபில் அதைத்தான் பார்க்கிறேன். முட்டைகூடத் தொடாத மனுஷனுக்கு இது எதற்கு என்று சிரிக்காதே. அவரிடம் சொல். புகையில்லாத புது மருந்தை அதில் போடவே கூடாது, குழல் வெடித்துவிடும். கருமருந்துதான் சரி. ஆனால் அது விட்டுவைக்கும் கரி ஈரத்தை இழுக்கும். அடுத்த குண்டும் சுலபமாக இறங்காது. சுட்ட அன்றே வெந்நீரில் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடச் சொல். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் இரும்பையே துரு தின்றுவிடும்.

நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தேன். பனி கொட்டும் காட்டில் அவரும் நானும் நிற்கிறோம். அவர் சுடுகிறார். மான் தப்பி ஓடிவிடுகிறது. வெள்ளைப் புகை மெதுவாக எழுந்து எங்கள் இருவரையும் மூடிக்கொள்கிறது. உள்ளேயிருந்து, தமிழே தெரியாதவர், நல்ல தமிழில், "மாமா" என்று கூப்பிடுகிறார். புகை விலகுகிறது. அவருக்கு முகமே இல்லை.

நான் வராமல் போன உன் கல்யாணத்தின் ஆல்பம், நீ அனுப்பியபடியே, கவர்கூடப் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. அம்மாவிடம் சாவி கேட்கப் போகிறேன். மாப்பிள்ளை முகத்தை இன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

அப்பா