இன்வர்னெஸ்ஸில் நம் வாள்

டார்பர்ட், ஹாரிஸ் தீவு
1954 மார்ச் 9

அன்புள்ள என் கணவர் லாக்லனுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். தெற்குக் கடலில் திமிங்கில வேலை இந்த ஆண்டு கடுமை என்று கேள்விப்பட்டேன். கையில் பட்ட வெட்டு ஆறிவிட்டதா?

சுவரிலிருந்த நம் வாளை இன்வர்னெஸ் நகரத்துக் கண்காட்சிக்குக் கேட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. போர்வையில் சுற்றி நானே எடுத்துப் போனேன். படகில் டிக்கெட் கொடுக்கும் ஹெக்டர், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பிடியைப் பார்த்து, "இதோட வர்றவகிட்ட டிக்கெட் கேக்க எனக்கென்ன பைத்தியமா, மார்சலி?" என்றான். படகே சிரித்தது.

இன்வர்னெஸ்ஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்கும் போட்டிருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூடை மின்னியது, எவ்வளவு அழகு தெரியுமா! ஆனால் கீழே இருந்த சீட்டைப் படித்ததும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. 'கூடைப்பிடி வாள். கிளேமோர் என்று தவறாக அழைக்கப்படுவது.'

எழுதியவர் பிரிங்கிள் என்ற எடின்பரோ பண்டிதர். நேரே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "அம்மா, கிளேமோர்னா ரெண்டு கையால வீசுற பழைய வாள். நூறு வருஷத்துக்கு முன்னாடிதான் உங்க ஆளுங்க அந்தப் பேரைத் தப்பா இதுக்குப் போட்டுட்டாங்க."

"ஐயா, அது எங்க பாஷை. கிளைவ்னா வாள், மோர்னா பெரிசு. அந்தக் காலத்துல பட்டணத்துத் துரைமாருங்க இடுப்புல தையல் ஊசி மாதிரி ஒண்ணு தொங்குமே, அதவிட இது பெரிசு. அதான் பேரு. அந்த நீட்டு வாளை நாங்க ரெண்டு கை வாள்னுதான் சொல்லுவோம்," என்றேன்.

"பழைய வாளுக்கும் இந்தப் பேர் இருந்திருக்கே?"

"இருக்கட்டுமே. தாத்தா பேரைப் பேரனுக்கு வச்சா, பேரன் பேரு பொய்யா?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் மட்டும், "அந்தக் காலத்துலயே இதுக்கு இந்தப் பேர் இருந்ததுக்கு எழுத்துல ஆதாரம் வேணுமே, அம்மா," என்றார்.

அடுத்த பெட்டியில் ஒரு பழைய காகிதம் இருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் நம்மவர்கள் தோற்ற கல்லோடன் போருக்குப் பிறகு ராஜாவின் சிப்பாய்கள் வீடு வீடாகப் பிடுங்கிய ஆயுதங்களின் பட்டியல். உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனாரின் பாட்டி நம் வாளைச் சாணிக் குவியலுக்குள் செருகி, அதன்மேலேயே நின்று மாட்டுக்குத் தீனி போட்டாளே, அதே வேட்டைதான். தப்பிக்காத வாள்கள் அந்தக் காகிதத்தில் இருந்தன. விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழாவது வரியில், நம் மொழி தெரியாத எவனோ ஒரு ஆங்கிலேயன், கொடுத்தவர் வாயிலிருந்து கேட்டபடி எழுதி வைத்திருந்தான்: 'கிளேமோர், ஒன்று. கூடைப்பிடி. துருப்பிடித்தது.'

பிரிங்கிள் குனிந்து படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். "பத்து வருஷமா என் கையில இருந்த காகிதம்," என்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார், லாக்லன். எனக்கு! அங்கேயே சீட்டைக் கிழித்துவிட்டு, நான் சொல்லச் சொல்லப் புதிதாக எழுதினார். இப்போது அதில் முதலில் 'கிளைவ் மோர்' என்று நம் மொழியில் இருக்கிறது. அதன் கீழே உங்கள் பெயரும், உங்கள் தகப்பன் பெயரும், அவருடைய தகப்பன் பெயரும். சாணிக்குவியலில் நின்றவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்.

நம் சின்னவள் பள்ளியில் இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தபாடில்லை.

இன்னொரு விஷயம். வேட்டை முடிந்தும் ஊர் திரும்பாமல், அங்கே ஏப்ரலுக்குப் பிறகு வரும் குளிர்காலத்துக்கும் அங்கேயே தங்க நீங்கள் பெயர் கொடுத்திருப்பதாக உங்களோடு வேலை செய்யும் ஆங்கஸின் மனைவி சொன்னாள். நான் நம்பவில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லையே.

மே மாதக் கடைசியில் கண்காட்சி முடிகிறது. வாளை வாங்கிக்கொள்ள யார் வருவார் என்று பிரிங்கிள் கேட்டார். என் கணவர் வருவார் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். கடல் உங்களைப் பத்திரமாக அனுப்பி வைக்கட்டும்.

என்றும் உங்கள்,
மார்சலி