முன் பிரேக்கில் நான் ஊற்றியது

கருக்களாச்சேரி,
ஜூன் 3, புதன்கிழமை.

அன்பு மகன் மாறனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு அதுதான் எப்போதும் நினைப்பு. இங்கே மூன்று பேரும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் உன் தங்கை ஓவியாவின் வலது மணிக்கட்டில் இன்னும் மாவுக்கட்டு இருக்கிறது, பிரிக்க இன்னும் இரண்டு வாரமாகுமாம். சேக் பரீது பாய் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை கத்தார் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வருகிற பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடும் அம்மா அரைத்த குழம்புத்தூளும் இருக்கும், அதற்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். டப்பாவை முதலில் திறக்காதே, இதைப் படித்து முடித்த பிறகு திற. பாதியில் நிறுத்திவிட்டுப் போன் போடவும் கூடாது. தினமும் போனில் பேசுகிறவர் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் மூன்று தடவை சொல்ல வந்து மூன்று தடவையும் விழுங்கிவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் டர்ட் பைக்கைச் சும்மா நிறுத்தினால் உப்புக்காற்றில் துரு தின்றுவிடும், நீ ஓட்டிக்கொண்டே இரு என்று ஓவியாவிடம் விட்டுப் போனாய். அவளும் அந்த ஒட்டக உயர வண்டியின் மேல் ஏறி லேபுக்குப் போவதும் வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போவதுமாகத்தான் இருந்தாள். ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கி போட் கரைக்கு வந்துவிட்டது. கடலுக்குப் போகாத நாளில் எனக்குக் கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும், போன வருஷம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் மிக்சியைக் கழற்றி வாங்கிக்கட்டிக்கொண்டவன்தானே நான். அப்படி ஒருநாள் உன் வண்டியைத் துடைக்கும்போது முன் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறைந்திருப்பதைப் பார்த்தேன். போட்டில் வலை இழுக்கிற வின்ச்சுக்கு ஊற்றியது போக மீதி ஆயில் அரை கேன் வீட்டில் இருந்தது. வின்ச்சும் ஆயில் அழுத்தத்தில்தான் இழுக்கிறது, பிரேக்கும் ஆயில் அழுத்தத்தில்தான் பிடிக்கிறது, அப்புறம் என்ன வித்தியாசம் என்று நினைத்து ஊற்றி மூடிவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாகப் போட் இன்ஜின் பார்க்கிறவன், யாரையாவது கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் ஓவியா வந்து முன் பிரேக் லிவர் தொளதொளவென்று இருக்கிறது அப்பா என்றாள். அமுக்கிப் பார்த்தேன், பஞ்சுத் தலையணையை அமுக்குவதுபோல் கைப்பிடிவரைக்கும் போனது. டப்பாவின் மூடியை மறுபடி பார்த்தேன், அதிலேயே எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது, அதுவரை நான் படிக்கவே இல்லை. அப்போதே ஜவஹர் அலியிடம் போய், தம்பி, தெரியாமல் இப்படிச் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கோவில்பத்தில் அவன் மெக்கானிக் கடை திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது, உன்னோடு படித்த பையன், என் கண்முன்னால் டவுசரோடு திரிந்தவன், அவன் முன்னால் இந்தப் போட் டிரைவர் தங்கப்பனுக்குப் பிரேக் ஆயில்கூடத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தது. அதனால் டப்பாவில் இருந்த ஆயிலை ஒரு ஊசி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, சரியான ஆயிலை வாங்கி ஊற்றி, ஒன்றும் தெரியாதவன்போல் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். லிவர் அமுங்குகிறது, காற்றுப் புகுந்திருக்கும், ஏர் எடுத்துவிடு என்றேன். அவன் நல்லபடியாகத்தான் கேட்டான். “வேற ஏதாச்சும் ஆயில் கீயில் ஊத்துனீங்களா மாமா?” என்றான். இல்லை என்று சொன்னேன். ஒரே வார்த்தைதான் மாறா.

அவன் என்னை நம்பி, சக்கரத்துப் பக்கம் நிப்பிளில் டியூபை மாட்டி, லிவரை அமுக்கிப் பிடித்து ஏர் எடுத்துக் கொடுத்தான். லிவர் கல்லாக நின்றது. நானும் தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன். ஆனால் குழாய்க்குள்ளும் ரப்பருக்குள்ளும் ஊறின ஆயில் உள்ளேயே வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஓவியா டவுனிலிருந்து திரும்பும்போது கோவில்பத்துத் திருப்பத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது, இவள் லிவரைப் பிடித்தாள், ஒன்றுமே இல்லாமல் கைப்பிடியில் போய் முட்டியது. பஸ்ஸின் பின்புறத்தில் மோதாமல் இடதுபக்கம் வாய்க்காலுக்குள் வண்டியை விட்டாள், அந்த ஒரு யோசனையால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறாள். மேற்கொண்டு உனக்கே தெரியும்.

உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதால் நீ அன்றைக்கு ஸ்பீக்கரில் ஜவஹர் அலியைத் திட்டினாய். உங்கள் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும் அவன் கடையில் வண்டியை விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதினாய், ஓவியா காட்டினாள். அதற்கு அவன் பதிலே போடவில்லை. மறுநாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வந்தான். உன் அம்மா அவனை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை, வாசலிலேயே நிறுத்தி, “எம் பொண்ணு போயிருந்தா நீ திருப்பிக் குடுப்பியா?” என்று கேட்டாள். அவன், நான் சரியாகத்தான் பார்த்தேன் அத்தை, எங்கே தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் உள்ளே டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் நீ போன் செய்யும்போதெல்லாம் அவன் கடையை மூடிவிட்டானா இல்லையா என்று கேட்டாய், நான் வேறு பேச்சுக்குத் தாவினேன்.

போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். எப்போதும் நாலைந்து வண்டி நிற்கிற கடை, ஒன்றுகூட இல்லை. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து ஓவியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. “லேபுல ரத்த ட்யூப்ல பேரு மாத்தி எழுதிட்டா நாங்க அந்த நிமிஷமே சொல்லணும்ப்பா, மறைச்சா பேஷண்ட் போயிடுவாங்க, நீங்க எத்தன நாளு மறைச்சீங்க?” என்று மட்டும் கேட்டாள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் அவளே முன்னால் நடந்து ஜவஹர் அலியின் கடைக்குப் போய், நான் உன்னை வாசலில் நிறுத்தியது தப்பு தம்பி என்றாள். பின்னால் உன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நான் சிரிஞ்சையும் வின்ச் ஆயில் கேனையும் அவன் முன்னால் வைத்தேன்.

கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தான். முகம் மாறிவிட்டது. “நான் கேட்டேன்ல மாமா, வாயத் தொறந்து கேட்டேன்ல” என்றான். பிறகு வாய்க்காலில் விழுந்து நெளிந்த உன் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனான். ஹேண்டில்பாரைச் சரிசெய்தான். லிவர் பக்கத்துச் சிலிண்டரைக் கழற்றினான், சக்கரத்துத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரைக் கழற்றினான், உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊறி உப்பிப்போய் இருந்தன. எல்லா ரப்பரையும் ஹோஸையும் புதிதாக மாற்றி, உள்ளே கழுவி, புது ஆயில் ஊற்றினான். ஏர் எடுக்கும்போது லிவரை என்னையே பிடிக்கச் சொன்னான். அமுக்குங்க, பிடிங்க, விடாதீங்க, இப்ப விடுங்க என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. டியூபில் குமிழி வந்துகொண்டே இருந்தது, கடைசிக் குமிழியும் போய் ஆயில் மட்டும் வரும்வரை நாற்பது தடவையாவது அமுக்கியிருப்பேன்.

முடிந்ததும் சாவியை என்னிடம் கொடுத்து நீங்களே ஓட்டுங்கள் என்றான். எதிர் டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள், எல்லோருக்கும் விபத்துக் கதை தெரியும். அவன் தெருவில் நூறு அடி தள்ளிப் போய், செருப்பைக் கழற்றி ரோட்டில் வைத்துவிட்டு அதற்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றான். “பின் பிரேக்கத் தொடாதீங்க, செருப்புக்கு முன்னாடியே நிக்கணும்” என்றான். தள்ளிப் போடா, விளையாடாதே என்று கத்தினேன். “என் வேலைய நானே நம்பலன்னா வேற யாரு மாமா நம்புவா, வாங்க” என்றான். அசையவில்லை. புயல் சமயத்தில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை மாறா. வண்டியை எடுத்தேன், நெருங்க நெருங்க அவன் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, இரண்டு விரலால் லிவரைப் பிடித்தேன். கல்லில் போய் நின்றதுபோல் லிவர் நின்றது, வண்டி முன்னால் குனிந்து, செருப்புக்கு ஒரு முழம் இந்தப்பக்கம் நின்றுவிட்டது. அவன் வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். அங்கேயே நின்று டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, பிரேக்கைக் கெடுத்தது நான், வின்ச் ஆயில் ஊற்றிவிட்டு அவனிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். ஒருத்தர் சிரித்தார். ஜவஹர் அலி செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குள் போய்விட்டான். என்னை மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு வாயில்லை.

ஓவியா கட்டுப் பிரித்ததும் அதே வண்டியில்தான் போவேன் என்கிறாள், அம்மா கூடாது என்கிறாள், நடுவில் பேச எனக்குத் தகுதி இல்லாததால் சும்மா இருக்கிறேன். தடைக்காலம் முடிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது, முடிந்ததும் கடலுக்குப் போய்விடுவேன். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியை மென்று முழுங்கிவிடுவீர்கள், உட்கார்ந்து எழுதுங்கள் என்பது ஓவியாவின் கட்டளை. எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்ட விடுவாள்.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீரைத் தள்ளிப்போடாதே, இரவு பட்டினி படுக்காதே, நீ எங்கே இருந்தாலும் எங்கள் ஆசி உன்னைக் காக்கட்டும். இப்போது டப்பாவைத் திற. அதில் இரண்டு ரப்பர் இருக்கும், ஒரே அளவில் செய்தவைதான். சின்னது புதுசு, பெரிது உன் வண்டியிலிருந்து எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் ஜவஹர் அலிக்குப் போன் போடு, எனக்கு அப்புறம் போடலாம். அவன் எடுக்காவிட்டால் மறுபடி போடு, எடுத்தபின் உனக்குப் பேச்சு வராவிட்டாலும் வைத்துவிடாதே. குரூப்பில் நீ எழுதியதை அழித்துவிட்டால் மட்டும் போதாது, அதே இடத்தில் யார் செய்தது என்று எழுத வேண்டும். அப்பாவின் பெயர் கெடுமே என்று பார்க்காதே, கீழே இருப்பதை அப்படியே எழுது.

இப்படிக்கு,
பிரேக்கில் வின்ச் ஆயில் ஊற்றிவிட்டு இல்லை என்று சொன்ன
மாறனின் அப்பா
கு. தங்கப்பன், போட் டிரைவர்,
கருக்களாச்சேரி.